விரால் பசி

எங்க ஊரு கண்மாயில கெடந்த பசி கரையேறி ஊருக்குள்ள வந்தது ஒரு சித்திரை மாசத்து வெள்ளிக்கெழமை, பொழுது சாயுற நேரம், வீட்டுக்கு வீடு விரால் குழம்பக் கொதிக்க எறக்கி வச்சு, தட்டுல சோத்தப் போட்டு, முதக் கவளத்த வாயில வச்சப்ப. வந்தது யாருக்கும் தெரியல. பசி என்ன மாடா, மணியக் கட்டிக்கிட்டு வர்றதுக்கு? நல்லாச் சாப்புட்டோம், கையக் கழுவினோம், கழுவின ஈரம் காயுறதுக்குள்ள மறுபடியும் பசிச்சுச்சு, அவ்வளவுதான். குழம்போட ருசி அப்படின்னு நெனச்சுக்கிட்டு, சட்டியத் தொடைச்சுத் தின்னோம்.

இதுக்கு ஊருல ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க. அய்யனாருக்குப் பொங்க வைக்கல, மடையில எவனோ செருப்போட ஏறிட்டான், தண்ணியில உர மூட்டைய அலசிட்டாங்க, அது இதுன்னு. அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. காரணம் நான்தான், சாத்தையா பொண்டாட்டி பஞ்சவர்ணம். என் வாயிதான். சொல்லிப்புட்டா மனசு ஆறும்னு பாத்தேன், நாலு வருசமாச் சொல்றேன், ஆற மாட்டேங்குது.

எங்க ஊரு செம்பாறைப்பட்டி, சிவகங்கைப் பக்கம். அறுப்பு முடிஞ்சு, கண்மாய்த் தண்ணி முழங்காலுக்கு வத்தினதும் ஊரே ஒரு நாள் எறங்கி மீன் பிடிக்கும். ஆளுக்கொரு ஊத்தா வச்சிருப்போம். மூங்கிச் சிம்புல பின்னுன, அடி இல்லாத கூடை, அதத் தண்ணியில பொத்துனு கவுத்தி, மேல் வாய் வழியாக் கைய விட்டு, உள்ள மாட்டுன மீன எடுக்கணும். பிடிச்சத விக்கக்கூடாது, குழம்பு வச்சுத் திங்கணும், பிடிக்க ஆளில்லாத வீட்டுக்குக் குடுக்கணும். ஆனா நெனச்ச நேரத்துக்கெல்லாம் எறங்கிற முடியாது. எங்க வீட்டுக்காரரு கரையில நின்னு வெள்ளைத் துண்ட வீசணும். அது அவுக குடும்பத்துப் பாத்தியத. வீசுறதுக்கு முன்னாடி பத்து நாளா அவுக கண்மாயச் சுத்திச் சுத்தி வந்து தண்ணியப் பாப்பாக. எங்கயாச்சும் குங்குமத்தக் கொட்டுனாப்புல ஒரு செவப்பு வட்டம் தண்ணி மேல நகந்துச்சுன்னா அது விரால் குஞ்சுக் கூட்டம், அதுக்கு அடியில தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அந்தச் செவப்பு மறைஞ்சு, குஞ்செல்லாம் கறுத்து, ஒண்ணொண்ணாப் பிரிஞ்சு போற வரைக்கும் துண்டு அவுக தோள விட்டு எறங்காது. குஞ்சோட நிக்கிற விரால எங்க ஊருல யாரும் தொட மாட்டோம்.

அந்த வருசம் பங்குனியில ஒரு மழை அடிச்சு ஊத்துச்சு. விராலுக்கு என்ன தோணுச்சோ, காலந்தப்பி மறுபடியும் குஞ்சு பொரிச்சிருச்சு. அதே நேரம் என் மக சுகப்பிரியா வாயும் வயிறுமா திருப்பூருல இருந்து வந்திருந்தா. மூணு மாசம். எதத் தின்னாலும் வாந்தி. ஒரே ஒண்ணு மட்டும் கேட்டா, நம்ம கண்மாய் விரால் குழம்பு. திங்கக்கெழம மாப்ள வந்து கூட்டிட்டுப் போறதாப் பேச்சு.

"ரெண்டு கூட்டம் கெடக்கு புள்ள, மடைக்கிட்ட ஒண்ணு, ஆலமரத் துறையில ஒண்ணு. பதினஞ்சு நாள் பொறு"ன்னாக அவுக.

"பதினஞ்சு நாள் மாப்ள பொறுப்பாரா? அங்குட்டு எல்லா ஊருலயும் பிடிச்சு முடிச்சாச்சு. கரையில ஊரே ஊத்தாவோட நிக்கிது, நீங்க மீனுக்குப் பேறுகாலம் பாத்துக்கிட்டு இருக்கீக."

"சந்தையில வாங்கிக் குடுப்போம்த்தா."

"மசக்கைக்காரி கேட்டது சந்தை மீனயா? பெத்த மக வாயி பெருசா, மீன் பெத்த குஞ்சு பெருசா? நீங்கள்லாம் ஒரு தகப்பனா?"

கடைசியாச் சொன்ன அந்தச் சொல்ல மட்டும் நான் சொல்லாம இருந்திருக்கலாம். அவுக என்னையப் பாத்தாக. மகளப் பாத்தாக. எந்திரிச்சுப் போயி கரையில நின்னு, கண்ண மூடிக்கிட்டு, துண்ட வீசுனாக.

ஓஓன்னு கத்திக்கிட்டு எறங்குனோம், நானுந்தான். ரெண்டு கூட்டம்னு அவுக சொன்னது கண்ணுக்குத் தெரிஞ்சது. கோரைக்குள்ள இருந்தது இருபதோ முப்பதோ. வருசா வருசம் ஆளு எறங்குன சத்தத்துக்குப் பாதி விரால் சேத்துக்குள்ள புதைஞ்சு தப்பிச்சிரும், அதுதான் மறு வருசத்து வெத. அந்த வருசம் எதுவும் புதையல. குஞ்ச விட்டுட்டு எங்க போயிப் புதையும்? நின்ன எடத்துலயே நின்னுச்சு. ஊத்தா விழ விழ, கண்ண முழிச்சுப் பாத்துக்கிட்டு நின்னு, ஒண்ணு விடாம மாட்டுச்சு. 'இன்னைக்கு மீனு என்னடி இப்படி மக்காட்டம் நிக்குது'ன்னு நாங்க சிரிச்சோம். அவுக மட்டும் கரையில நின்னு வேற ஒண்ணப் பாத்துக்கிட்டு இருந்தாக. நேத்து வரைக்கும் விரால் நெழலக் கண்டாலே பதறி ஓடுன பொடிக்கெண்டை, காவல் இல்லாமக் கெடந்த அந்தச் செவப்ப மொய்ச்சு மொய்ச்சுத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. பொழுது சாயுறதுக்குள்ள கண்மாயில செவப்பே இல்ல.

அன்னைக்கு ராத்திரி ஊருலயே விரால் திங்காதவுக ரெண்டே பேருதான். ஒண்ணு பூக்கட்டுற செண்பகம். அவுக வீட்டுல எப்பவுமே கவிச்சி கெடையாது. இன்னொண்ணு எங்க வீட்டுக்காரரு. 'எனக்கு வேணாம்'னாக. நானும் வற்புறுத்தல. என் மக மூணு தட்டு சாப்புட்டா, வாந்தியும் எடுக்கல, நான் பூரிச்சுப் போயி உக்காந்திருந்தேன்.

அந்தப் பசி சாதாரணப் பசி இல்லன்னு தெரிய ஒரு வாரம் ஆச்சு. மொதல்ல ஆளுக்குப் பத்து இட்லி, அப்பறம் இருவது, அப்பறம் எண்ணுறதையே விட்டுட்டோம். யாரும் பெருக்கல, யாருக்கும் வயிறும் வலிக்கல. திங்கிறது எங்கயோ போயிச்சு. அதுவும் மனுசப் பசியாட்டம் கத்துற பசி இல்ல அது, விராலோட பசி, அசையாம நிக்கிற பசி. ஆளுக மரத்தடியில ஆடாம அசையாம உக்காந்திருப்பாங்க, பேச்சுக் குடுத்தாலும் பதில் வராது, எதுக்க ஒரு கோழிக்குஞ்சு ஓடுனா எல்லாக் கழுத்தும் ஒண்ணாத் திரும்பும். கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்தா ஊசி விழுந்தாக் கேக்கும், சோறு எலையில விழுந்த நொடி ஒரு பாய்ச்சல், அம்புட்டுதான், எல வெறும் எலயாக் கெடக்கும். மழைக்காலத்துல தவளை கத்துனா எங்களுக்கு எச்சி ஊறுச்சு. வெக்கமா இருந்துச்சு, ஆனா ஊறுச்சு.

எதையும் ஊரு பழகிக்கிரும். நாங்களும் பழகிக்கிட்டோம். தலைவரு குமரப்பன் கூட்டத்தக் கூட்டி, இந்த விசயம் வெளியூருக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டான்னு தீர்மானம் போட்டாரு. கோயில் அன்னதானத்த ஏழு பந்தியா ஆக்குனாங்க. கோயில் நெல்லறைச் சாவி, பள்ளிக்கூடச் சத்துணவுச் சாவி, டீக்கடைக்காரன் வடைப்பெட்டிச் சாவி எல்லாத்தையும் கொண்டு போயி செண்பகத்துக்கிட்டக் குடுத்தாங்க, அவ ஒருத்திய நம்பித்தான் சோத்த விட்டுட்டுப் போக முடியும்னு. அது வரைக்கும் அவளத் தெருவுல யாரும் ஏன்னு கேட்டதில்ல, இப்ப இடுப்புல பதினோரு சாவி தொங்க ராணியாட்டம் நடந்தா. எங்க வீட்டுக்காரரும் பசியில்லாத ஆளுதான், ஆனா அவுககிட்ட யாரும் சாவி குடுக்கல, ஒரு வார்த்தையும் கேக்கல. துண்டு வீசுனவுகளாச்சே. திட்டவும் இல்ல, வீட்டுக்கு வரவும் இல்ல. அவுகளும் என்னைய ஒரு சொல்லு குத்திப் பேசல. 'உன் வாயாலதான்டி'ன்னு ஒரு தடவ திட்டியிருந்தா நான் பதிலுக்கு ரெண்டு கத்திட்டு அழுதிருப்பேன். அந்தப் பாவி மனுசன் சோத்தப் போட்டாத் தின்னுட்டு, 'போதும்த்தா'ன்னு எந்திரிச்சிருவாக.

ஆவணியில கண்மாய் நெறைஞ்சுச்சு. நெறைஞ்ச தண்ணி புரட்டாசிக்குள்ள பச்சையாப் போச்சு. கலங்கல் பச்சை இல்ல, செவத்துக்கு அடிக்கிற பெயிண்டு பச்சை. மாடு மூக்க வச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. துணி துவைச்சா நாத்தம். நீர்க்காகம் ரெண்டு நாள் வந்து முங்கி முங்கிப் பாத்துச்சு, அந்தப் பச்சை இருட்டுக்குள்ள என்னத்தப் பிடிக்கும், பறந்துருச்சு. மீன் ஆபீசுல இருந்து ஒரு மேடம் வந்து, கண்ணாடி டம்ளருல தண்ணி மோந்து வெயில்ல காட்டி எங்களுக்குச் சொன்னாங்க. "விரால் இருந்த வரைக்கும் பொடிமீன அளவா வச்சிருந்துச்சு. இப்ப அதக் கேக்க ஆளில்ல, ஆயிரம் மடங்காப் பெருகிருச்சு. அது தண்ணிக்குள்ள துள்ளித் திரியுற பொடிப்பூச்சிய எல்லாம் தின்னு தீத்திருச்சு. அந்தப் பூச்சிதான் பாசியத் திங்கும். பூச்சி போச்சு, பாசி பெருகிருச்சு. விரால விடுங்க, எல்லாம் சரியாகும்."

நல்ல பொம்பள. மூணு தடவ பாலித்தீன் பையில விரால் குட்டி கொண்டாந்து விட்டாங்க. குட்டி எல்லாம் தண்ணியில எறங்குச்சு, நீந்துச்சு, பொடிக்கெண்டைக்கு நடுவுல அதும் பாட்டுக்குப் போச்சு, வந்துச்சு. ஒண்ணையும் திங்கல. வாய்க்கு முன்னாடி கெண்டை போகுது, வாயே தொறக்கல. பத்து நாள்ல ஒண்ணொண்ணா மெலிஞ்சு, வெள்ளை வயித்தக் காட்டி மெதந்துச்சு. மேடத்துக்கு ஒண்ணும் புரியல. தண்ணிய பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுப் போனாங்க.

எங்க வீட்டுக்காரருக்குப் புரிஞ்சுச்சு. "அதுகளுக்குப் பசி இல்ல. பசியெல்லாம் இங்க இருக்குல்ல"ன்னாக.

அந்த நேரம் பாத்துத்தான் சுகப்பிரியா பேறுகாலத்துக்கு வந்து சேந்தா. ஒம்பதாம் மாசம். வண்டிய விட்டு எறங்குனவளக் கையப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தேன். வயிறே இல்ல. ஒரு குண்டான் சோறு திங்கிறா, பழம் திங்கிறா, பாலக் குடிக்கிறா, எல்லாத்தையும் அந்த விரால் பசி தின்னுருது, புள்ளைக்குச் சேரல. பெரியாசுபத்திரி டாக்டரம்மா ஸ்கேனப் பாத்துட்டு, "கொழந்த ஒன்னேகால் கிலோதான் இருக்கு, இப்படியே போனாத் தாங்காது"ன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து என் மக என் மடியில தலைய வச்சுக்கிட்டு, "அம்மா, பசிக்குதும்மா, என் புள்ளைக்கும் பசிக்கும்லம்மா"ன்னு அழுதா. நானே ஆசையா ஊட்டிவிட்ட குழம்பு. பெத்த மக வாயி பெருசான்னு கேட்டேன்ல, இந்தா கேட்டுக்கோன்னு என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன்.

மறுநா காலையில அவுக குளிச்சு, அந்த வெள்ளைத் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு, வடக்குத் தெரு மொத வீட்டு வாசல்ல போயி நின்னாக. அது வெள்ளத்தாயி வீடு, என் கூடப் பேச்சு வார்த்தை இல்லாதவ.

"ஆத்தா, சாப்புட்டுக்கிட்டு இருக்க தட்டுல இருந்து ஒரு வாய் குடுப்பியா?"

"எச்சித் தட்டுண்ணே."

"அதுதான் வேணும்."

குடுத்தா. அவுக நின்னபடிக்கே வாங்கித் தின்னாக. தின்ன ஒடனே வெள்ளத்தாயி ஒரு ஏப்பம் விட்டா பாருங்க, ஆறு மாசத்துல எங்க ஊருல கேட்ட முத ஏப்பம், தெருவே வெளியில வந்து பாத்துச்சு. அவ தட்டக் கீழ வச்சிட்டு, "வயிறு நெறைஞ்சிருச்சு"ன்னு சொல்லி ஓன்னு அழுதா. அப்பறம் என்ன, அவுக வீடு வீடாப் போனாக, வாசலுக்கு வாசல் தட்டோட நின்னாங்க, ஒவ்வொரு வாயா வாங்கித் தின்னாக, அவுக கடந்து போகப் போகப் பின்னாடியே தெருத் தெருவா ஏப்பச் சத்தம் கேட்டுச்சு, வடக்குத் தெரு, மேலத் தெரு, காலனி, டீக்கடை, தலைவரு வீடு, முந்நூத்துச் சொச்சம் வாய். வாங்க வாங்க அவுக நடை மெதுவாச்சு, இமைக்கிறது கொறைஞ்சுச்சு, கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல பாக்க ஆரம்பிச்சுச்சு. கண்ணுல தண்ணியோட எல்லாரும் பாத்தோம், ஒருத்தரும் 'வேணாம் சாத்தையா, என்னுது என்னோட இருக்கட்டும்'னு சொல்லல. அம்புட்டுப் பசி பட்டிருந்தோம்.

கடைசியா எங்க வீட்டுக்கு வந்தாக. மக தட்டுல ஒரு வாய் வாங்குனாக. அவ வயித்துல கைய வச்சுக்கிட்டு, "அம்மா, உதைக்குதும்மா"ன்னா. அடுத்து எனக்கு முன்னாடி வந்து நின்னாக. எனக்குத் தாங்க முடியாமப் போச்சு, பயமா, கோவமா, என்னன்னு சொல்ல. அவுக மொகத்தப் பாக்காமத் தட்ட அவுக பக்கம் தள்ளிவிட்டேன், அவுகளே ஒரு வாய் எடுத்துத் தின்னாக. முப்பது வருசம் குடும்பம் பண்ணுன மனுசனுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டிருக்கலாம். கை ஒடிஞ்சா போயிருக்கும்?

அன்னைக்கே கண்மாயில எறங்கிட்டாக. கழுத்தளவுத் தண்ணியில, கோரைக்குப் பக்கத்துல, அசையாம நின்னாக. ஊரு கரையில நின்னுச்சு. ஒரு பாய்ச்சல், ஒரு சின்னச் சுழிப்பு, மறுபடியும் அசையாம நின்னாக. பொடிக்கெண்டைதான் சாப்பாடு. மொத வாரம் சாயங்காலம் வீட்டுக்கு வருவாக, துண்டால தொடைச்சுவிடுவேன், தோலு வழவழன்னு இருக்கும். குமரப்பன் நல்லவரு, நூறு நாள் வேலை நோட்டுல 'கண்மாய்ப் பராமரிப்பு'ன்னு எழுதி அவுக பேருக்கு வருகை போட்டாரு. பொம்பளைக துணி துவைக்கிறப்ப அவுக இருக்க பக்கம் சோப்புத் தண்ணி போகாமப் பாத்துக்கிட்டாங்க. செண்பகம் சாவியெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு, தெனம் ஒரு மொழம் பூவக் கொண்டாந்து துறையில வச்சிட்டுப் போனா. ரெண்டாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாக. மூணாம் வாரம் வரல. துண்டு மட்டும் ஆலமரத் துறைக் கல்லு மேல மடிச்சு இருந்துச்சு.

அதுக்கப்பறம் மேடம் கொண்டாந்து விட்ட விரால் குட்டி எல்லாம் அவுகளச் சுத்தியே திரிஞ்சுச்சு. அவுக வாய்க்கிட்ட வரும், கொஞ்ச நேரம் நிக்கும், திரும்பிப் போயி முதக் கெண்டையப் பிடிக்கும். ஒவ்வொரு குட்டிக்கும் அதது பசிய அவுக எண்ணிக் குடுக்குறதாத்தான் நாங்க புரிஞ்சுக்கிட்டோம். கெண்டை கொறைஞ்சுச்சு. பூச்சி துள்ளுச்சு. பச்சை விட்டு விட்டு வெளுத்து, கார்த்திகையில ஒரு நாள் காலம்பற தண்ணிக்குள்ள படிக்கல்லு நாலாவது வரைக்கும் தெரிஞ்சுச்சு. நீர்க்காகம் திரும்பி வந்துச்சு. மாடு தண்ணி குடிச்சுச்சு.

புள்ளையும் பொறந்துச்சு, பொண்ணு, ரெண்டே முக்கா கிலோ. பதினாறாம் நாள் தூக்கிக்கிட்டு நானும் மகளும் துறைக்குப் போனோம். கூப்புட்டேன். கோரை அசைஞ்சுச்சு. முட்டளவுத் தண்ணிக்கு வந்து, மொகத்த மட்டும் மேல தூக்கி, புள்ளைய ரொம்ப நேரம் பாத்தாக.

"பாப்பா பசியாறுச்சா?"ன்னாக. தண்ணிக்குள்ள இருந்து பேசுனாப்புல இருந்துச்சு.

"இப்பத்தான் பால் குடிச்சா. ஏங்க, எல்லாம் சரியாப் போச்சுல்ல, கரையேறி வாங்க"ன்னேன்.

"எல்லாம் பிரிச்சுக் குடுத்தாச்சு. ஒண்ணு மட்டும் மிச்சம் இருக்கு புள்ள, அதுக்கு மீனில்ல"ன்னாக. அது நான் தள்ளிவிட்ட தட்டுல வாங்குனதான்னு நானும் கேக்கல, அவுகளும் சொல்லல. பின்னுக்கு நகந்து, ஆழத் தண்ணிக்குள்ள எறங்கி, நான் பாக்கப் பாக்க முங்குனாக. மனுசனா மேல வரல.

இது நடந்து நாலு வருசம். துண்டு வீசுற பாத்தியத இப்ப எனக்கு. வருசா வருசம் சித்திரையில தண்ணி வத்துனதும் ஊரு ஊத்தாவோட கரையில வந்து நிக்கும், நான் பத்து நாளாச் சுத்தி வந்து தண்ணியப் பாப்பேன். விரால் எக்கச்சக்கம். மடைக்கிட்ட ஒரு செவப்பு வட்டம் இருக்கும். அதுக்கு அடியில ஒத்தை ஆளா ஒரு பெரிய விரால் காவல் நிக்கும், யாரு பெத்த குஞ்சோ, எல்லாத்தையும் சேத்து வச்சுக்கிட்டு. நான் போனா மத்ததெல்லாம் ஓடும், அது ஓடாது. மேல வந்து ஒரு வாய் காத்து வாங்கிட்டு, பக்கவாட்டுல என்னையப் பாத்துட்டு எறங்கும். ஊத்தா விழுந்தாலும் அது அப்படியேதான் நிக்கும்னு எனக்குத் தெரியும். நான் திரும்பி, 'குஞ்சு இருக்கு, இந்த வருசம் இல்ல'ன்னு சொல்லிருவேன். ஊரு முணுமுணுத்துக்கிட்டே கலைஞ்சு போகும்.

இந்த வருசம் சுகப்பிரியா மறுபடியும் மூணு மாசம், வந்திருக்கா. காலையில கரையில அவளும் என் கூட நின்னா. குமரப்பன் வந்து, "அக்கா, நாலு வருசமாச்சு. நாங்க கெடக்கோம், மக வாயும் வயிறுமா நிக்கிது, அது வாய்க்காகவாச்சும் வீசக்கூடாதா?"ன்னாரு. அவரு ஒண்ணும் குத்திப் பேசல, பாசத்துலதான் கேட்டாரு. மக என் கையப் பிடிச்சுக்கிட்டா. அன்னைக்கு நான் கத்துனது அவளுக்கும் ஞாபகம் இருக்கு. மடைக்கிட்ட பாத்தேன். இந்த வருசம் செவப்பு எங்கயும் இல்ல, குஞ்செல்லாம் கறுத்துப் பிரிஞ்சு போயிருச்சு. ஆனாலும் அந்த ஒத்தை விரால் அதே எடத்துல நின்னுச்சு, வெறுந்தண்ணியக் காவ காத்துக்கிட்டு.

"பதினஞ்சு நாள் பொறுங்க"ன்னேன்.

அவுக சொன்னப்ப நான் பொறுக்காத பதினஞ்சு நாள். ஊரு என்னையப் பாத்துச்சு, தண்ணியப் பாத்துச்சு, ஊத்தாவத் தூக்கிக்கிட்டுத் திரும்புச்சு. நான் துண்ட மடிச்சு மடியில வச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து கத்திரிக்காப் புளிக்குழம்பு வச்சேன், மக ரெண்டு தட்டு சாப்புட்டா, நானும் உக்காந்து சாப்புட்டேன். பசியாறுச்சான்னு கேக்கத்தான் வீட்டுல ஆளில்ல.